அம்மாவைச் சேர்த்து வைத்தல்: தலைத்திவசத்துக்குள் குடும்ப நினைவேடு தயாரிக்க முழு வழிகாட்டி

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்ததும் உறவுகள் ஊர் திரும்பிவிடும். சித்தி திருத்துறைப்பூண்டிக்கு, அத்தை பாபநாசத்துக்கு, பெரியம்மா மகள் சிங்கப்பூருக்கு. அம்மாவை நன்றாகத் தெரிந்த அத்தனை பேரும் மறுபடி ஒரே கூரையின் கீழ் கூடுவது பெரும்பாலும் தலைத்திவசத்துக்குத்தான். அதற்குள் அவர்களில் ஒருவரோ இருவரோ குறைந்திருக்கக்கூடும்.

இடையில் கிடைக்கும் அந்த ஓர் ஆண்டில் அம்மாவின் கைப்பக்குவம், குரல், கோலம், கணக்கு, பழக்கம் ஆகியவற்றைச் சேகரித்து ஒரு புத்தகமாகக் கட்டுவதற்கான வழிமுறை இது. முதல் விதி ஒன்றுதான்: பொருள்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மனிதர்களிடம் முதலில் போங்கள். பெட்டிக்குள் இருக்கும் பட்டுப்புடவை பத்து வருடம் காத்திருக்கும். எண்பது வயதுப் பெரியம்மாவின் ஞாபகம் அப்படிக் காத்திருக்காது. அம்மா உயிரோடு இருக்கும்போதே இதைத் தொடங்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. அப்போதும் படிகள் இவைதான், கேள்விகளை அவரிடமே கேட்கலாம்.

முதல் நாற்பது நாள்

துக்க வீட்டில் யாராவது ஒருவர் சுத்தம் செய்யக் கிளம்புவார். நல்ல எண்ணத்தில்தான் செய்வார். ஆனால் அதிகம் தொலைவது அப்போதுதான். அடுக்களை அலமாரி, அஞ்சறைப் பெட்டி, சாமி மாடம், தையல் டப்பா, தலைமாட்டில் இருந்த பை ஆகியவற்றை யாரும் தொடுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். அஞ்சறைப் பெட்டியில் எந்தக் கிண்ணத்தில் எது இருந்தது, எது அதிகம் தீர்ந்திருந்தது என்பதுகூடப் பின்னால் சமையல் குறிப்பு எழுதும்போது உதவும். ஜாடியில் மிச்சமிருக்கும் ஊறுகாய், குழம்புத்தூள், வடகம் எதையும் கொட்டக் கூடாது. ஒவ்வொன்றிலும் நூறு கிராம் தனியே கண்ணாடிப் புட்டியில் எடுத்துப் பெயர் ஒட்டி வையுங்கள். அந்தத் தூளை மறுபடி அரைக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

அம்மாவின் கைபேசியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அழித்துப் புதிதாக்குவதும் வேண்டாம். மூன்று மாதம் தொடர்ந்து பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். 120 நாள் திறக்காமலே கிடக்கும் கணக்கை வாட்ஸ்அப் அழித்துவிடும். ஆகவே ஒரு வருடத்துக்கு ரீசார்ஜ் செய்து வைத்து, குரல் செய்திகள், படங்கள், தொடர்பு எண்கள் மூன்றையும் கணினியில் ஏற்றுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் கைபேசியில் அம்மாவுடன் நடந்த உரையாடலை ‘எக்ஸ்போர்ட் சாட்’ மூலம் ஊடகக் கோப்புகளோடு தனியே சேமிக்க வேண்டும். “சாப்டியா? பஸ் ஏறிட்டியா?” என்று நாலு வினாடி ஓடும் செய்தியையும் விட்டுவிடாதீர்கள்.

இறப்புப் பதிவை 21 நாளுக்குள் செய்துவிடுங்கள். அதற்குமேல் தாமதக் கட்டணமும் அலைச்சலும் கூடும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் அம்மாவின் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுப்பது நல்லது. அப்போது கவனிக்காத ஓர் எழுத்துப்பிழை வாரிசுச் சான்று கேட்டு வட்டாட்சியர் அலுவலகம் போகும் நாளில் வழிமறிக்கும்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

பட்டியலை அம்மாவின் வயதொத்தவர்களிலிருந்து தொடங்குங்கள்: கூடப் பிறந்தவர்கள், நாத்தனார், ஓரகத்தி, எதிர்வீட்டு அக்கா, அம்மாவோடு நடவுக்கோ களையெடுப்பிற்கோ போனவர்கள், குழுவில் சேர்ந்து கடன் வாங்கியவர்கள், கோயிலுக்குத் துணையாகப் போனவர்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்தது அம்மாவின் பாதி வாழ்க்கைதான். கல்யாணத்துக்கு முன்பு அவர் எப்படி இருந்தார் என்பதை அண்ணன் தம்பிகளும் பள்ளித் தோழிகளும் சொன்னால்தான் உண்டு. வயதில் மூத்தவரை, உடல்நலம் குன்றியவரை முதலில் பாருங்கள்.

“அம்மா எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டால் “தங்கமானவ, யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டா” என்ற பதிலோடு கண்ணீர்தான் வரும். அந்தக் கண்ணீரை மதித்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். பிறகு கை தொட்ட காரியத்தைக் கேளுங்கள்.

“சம்பா அறுப்புக்கு ஆள் வந்தா எத்தனை படி அரிசி வடிப்பாங்க?”
“ஆடிப்பெருக்குக்கு எந்தப் படித்துறைக்குப் போவீங்க, என்னென்ன சாதம் கிளறுவாங்க?”
“கையில காசு இல்லாதப்ப என்ன செய்வாங்க, எதை அடகு வெப்பாங்க?”
“மூத்தவனைப் பெத்தப்ப எங்க இருந்தாங்க, யாரு வந்து பாத்தா?”
“அவங்களுக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவாங்க?”

கடைசிக் கேள்வியைத் தவற விடாதீர்கள். கோபமும் பிடிவாதமும் இல்லாத அம்மாவை எழுதினால் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு படம் கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார்.

ஆண்டு கேட்டால் பெரியவர்களுக்குச் சொல்ல வராது. நிகழ்ச்சியைச் சொல்லிக் கேட்டால் வரும். காவிரி டெல்டாவில் இதற்கு நல்ல அடையாளங்கள் உண்டு: 1952, 1977 புயல்கள், 2004 சுனாமி, 2018 கஜா. கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்கு மகாமகம் போதும்: 1956, 1968, 1980, 1992, 2004, 2016. “அந்த மகாமகத்துக்கு நீங்க கைப்பிள்ளையா, நடந்து போனீங்களா?” என்றால் பிறந்த ஆண்டே ஏறக்குறையக் கிடைத்துவிடும். மாதத்துக்கு விவசாயம் இருக்கிறது. குறுவை அறுப்பா, சம்பா நடவா, தாளடியா என்று கேளுங்கள்.

ஊர்ப்பெயரிலும் ஒரு சிக்கல் வரும். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991-இல், திருவாரூர் 1997-இல், மயிலாடுதுறை 2020-இல். 1991-க்கு முந்தைய பத்திரம், பள்ளிச் சான்று எல்லாவற்றிலும் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்றே இருக்கும். மாயவரம் என்றும் மயிலாடுதுறை என்றும் ஒரே ஊர் இரண்டு பெயரில் வரும். இரண்டையும் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளை ஒரு நாள் பதிவேட்டில் தேடும்போது குழம்பக் கூடாது.

ஒலிப்பதிவு செய்யும் நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணியிலிருந்து நான்கு மணிக்குள். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல்தான் பதிவைக் கெடுப்பதில் முதலிடம். கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவருக்கு ஒரு முழத் தூரத்தில், அடிப்பக்கம் அவரைப் பார்க்கும்படி வையுங்கள். ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். அன்றிரவே கோப்பின் பெயரில் தேதி, பேசியவர் உறவு, ஊர் மூன்றையும் எழுதிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் எது சித்தி குரல், எது அத்தை குரல் என்று நீங்களே தடுமாறுவீர்கள்.

கைப்பக்குவத்தை அளவாக்குவது

இந்த வேலையின் கனமான பகுதி இதுதான். ‘உப்பு தேவையான அளவு’, ‘புளி கொஞ்சம்’ என்று எழுதிய குறிப்பால் அம்மாவின் வத்தக்குழம்பு வராது. அந்தக் குழம்பு யார் கையில் ஏறக்குறைய அதே போல வருகிறதோ, அவரை அழைத்து வைத்துச் செய்யச் சொல்லுங்கள். சின்னம்மாவோ மூத்த அக்காவோ மருமகளோ இருக்கலாம்.

தேவை ஒரு டிஜிட்டல் தராசு. ஒரு கிராம் துல்லியம் போதும். அவர் கையால் அள்ளிப் போடட்டும், குறுக்கே கரண்டியை நீட்டாதீர்கள். போடுவதற்கு முன் உப்பு ஜாடியை எடை போடுங்கள், போட்ட பிறகு மறுபடி எடை போடுங்கள், வித்தியாசம்தான் கையளவு. எண்ணெய்க்கிண்ணம், புளி உருண்டை, மிளகாய்த்தூள் டப்பா எல்லாவற்றுக்கும் இதே முறை. இப்படி மூன்று தடவை வெவ்வேறு நாளில் செய்து பார்த்துச் சராசரி எடுங்கள். ஒரே தடவை எடுத்த அளவு பெரும்பாலும் தவறாகும், பக்கத்தில் ஆள் நின்று பார்க்கும்போது கை சுருங்கும்.

வீட்டில் ஆழாக்கு, உழக்கு, படி இருந்தால் அவற்றின் கொள்ளளவையும் பாருங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது பொதுக் கணக்கு. ஆனால் வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் படி மாறும். ஆழாக்கு நிறையத் தண்ணீர் ஊற்றி எடை போட்டால் எத்தனை கிராமோ அத்தனை மில்லி.

அளவு சரியாக இருந்தும் ருசி வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: அம்மா போட்டது ஒரு வருடம் உப்பில் கிடந்த பழம்புளி, நீங்கள் போடுவது புதுப்புளி. அவர் ஊற்றியது செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். அவர் கொதிக்க வைத்தது கல்சட்டியில். இறக்கிய பிறகும் அதில் கால் மணி நேரம் கொதி அடங்காது, எஃகுப் பாத்திரத்தில் உடனே அடங்கிவிடும். இந்த மூன்றையும் குறிப்பின் தலையிலேயே எழுதுங்கள்.

நல்ல குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தாளிப்பு வடகத்தையே எடுத்துக்கொள்வோம். டெல்டா வீடுகளில் சித்திரை, வைகாசி வெயிலில் போடுவது.

சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 100 கிராம், உடைத்த கறுப்பு உளுந்து 100 கிராம், கடுகு 50 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், கல்லுப்பு 60 கிராம், மஞ்சள்தூள் ஒரு மேசைக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, விளக்கெண்ணெய் 50 மில்லி.

வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்சியில் ஓட்டினால் விழுதாகிவிடும், பிறகு உருண்டை பிடிக்காது. உளுந்தைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, விளக்கெண்ணெய் தவிர எல்லாவற்றையும் கலந்து இரவு முழுக்க மூடி வையுங்கள். மறுநாள் காலை பிழிந்து, முறத்தில் பரப்பிக் காயவிட வேண்டும். பிழிந்த சாற்றைக் கொட்டக் கூடாது. மாலையில் காய்ந்ததை அதே சாற்றில் போட்டுப் பிசறி மூடுங்கள், மறுநாள் மறுபடி வெயில். சாறு முழுக்க உள்ளே ஏறிய பிறகு, அதாவது மூன்றாவது அல்லது நாலாவது நாள், கையில் விளக்கெண்ணெய் தொட்டு எலுமிச்சை அளவு உருட்டுங்கள். அதற்குப் பிறகு ஏழெட்டு நாள் வெயில் வேண்டும். மொத்த எடை பாதிக்கும் கீழே வந்து, உருண்டையைத் தட்டினால் கட்டையாக ஒலிக்கும்.

கெட்டுப்போவது எப்படி? ஈரம் இருக்கும்போதே அவசரப்பட்டு உருட்டினால் வெளியே காய்ந்தும் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஐந்தாம் நாள் ஓர் உருண்டையை உடைத்துப் பாருங்கள். நடுவே பிசுபிசுத்தால் எல்லாவற்றையும் உதிர்த்து மறுபடி காயவைக்க வேண்டும். நடுவில் இரண்டு நாள் மேகம் போட்டால் மின்விசிறிக்குக் கீழே பரப்புங்கள், மூடி வைக்காதீர்கள். விளக்கெண்ணெயைக் குறைத்தால் வண்டு விழும்.

இந்த அளவு விவரத்தோடு பத்துக் குறிப்பு போதும். அம்மா செய்த நூறையும் எழுத முயன்றால் ஒன்றும் முடியாது. வாரத்துக்கு ஒரு முறையாவது செய்தது நாலு, பண்டிகைக்குச் செய்தது மூன்று, பிள்ளைப்பேறு, காய்ச்சல், சளிக்குச் செய்தது மூன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வகையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

குரல்

பழைய கேசட்டில் அம்மா பாடியதோ, வெளிநாட்டில் இருந்த அப்பாவுக்குப் பேசி அனுப்பியதோ இருந்தால் அதை உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். கேசட்டின் சிறு ஜன்னல் வழியே நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. ஓட்டினால் நாடாவும் கெடும், கருவியும் கெடும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒலிப்பதிவுக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். நாடா நன்றாக இருந்தால் ஒரு முறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றிவிட்டு, ஹெட்ஃபோன் துளையிலிருந்து கம்பி வழியாகக் கணினிக்கு எடுங்கள். வேவ் வடிவில், 44.1 கிலோஹெர்ட்ஸில் சேமித்துவிட்டு, பகிர்வதற்கு மட்டும் எம்பி3 பிரதி போடுங்கள்.

கல்யாண வீடியோக்களிலும் அம்மாவின் குரல் ஒளிந்திருக்கும். பந்தியில் “இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க” என்று சொல்லிக்கொண்டே போவார். தாலாட்டோ நடவுப்பாட்டோ அவர் குரலில் இல்லையென்றால், அவரிடம் கற்றவர் பாடட்டும். சொற்களை எழுதும்போது திருத்தாமல், அவர் சொன்னபடியே எழுதுங்கள். தாலாட்டில் வரும் மாமன் பெயர்களும் ஊர்ப்பெயர்களும் அந்த வீட்டுக்கே உரியவை.

படங்கள்

மின்வருடியில் 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200 டிபிஐ. ஒட்டும் பக்கம் கொண்ட ஆல்பத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் இழுக்காமல், பல் துலக்கும் மெல்லிய நூலைப் பின்னால் ஓட்டி மெதுவாக விடுவியுங்கள். சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள். படத்தின் பின்னால் பேனாவால் எழுதக் கூடாது; மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதலாம்.

மாட்டும் படம் கெடுவதற்கு நம் வீடுகளில் முதல் காரணம் பொட்டுதான். கண்ணாடியில் வைத்த சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு வழிந்து, சட்டத்தின் கீழ் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். பொட்டைக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து மேல்பகுதியில் வையுங்கள். மாலைக்குத் தனி ஆணி அடித்து, பூ கண்ணாடியை ஒட்டாமல் தொங்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டக் கூடாது. மூலப்படத்தை உறையில் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டு, ஸ்டூடியோவில் போட்ட பிரதியைத்தான் மாட்ட வேண்டும்.

நோட்டுகள்

கோல நோட்டு இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளிக் கணக்கையும் எழுதுங்கள்: ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி’ என்பது போல. சிக்குக் கோலத்துக்கு இழை எங்கே தொடங்கி எப்படி வளைந்தது என்பது தாளில் தெரியாது. அதைப் போடத் தெரிந்தவரைப் போடச் சொல்லி மேலிருந்து காணொளி எடுங்கள்.

மொய் நோட்டையும் கணக்கு நோட்டையும் நினைவுப்பொருளாக மட்டும் பார்க்கக் கூடாது. பேராவூரணிப் பக்கம்போல மொய் விருந்து நடக்கும் ஊர்களில் அது நடப்புக் கடன் ஏடு. அம்மா வாங்கியதைத் திருப்பிச் செய்வது பிள்ளைகளின் பொறுப்பு. சீட்டு, மகளிர் குழுக் கடன், பால்காரர் பாக்கி, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த கைமாற்று எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அம்மாவின் சொல்லுக்கு ஊரில் இருந்த மதிப்பு அதில்தான் நிற்கிறது. கொடுத்தவை வரவில்லை என்றால், ஏழைப்பட்டவராக இருந்தால், நோட்டில் கோடு போட்டு முடித்துவிடலாம்.

புடவையும் பாத்திரமும்

துக்கக் கூட்டத்தில் புடவையைப் பிரிக்காதீர்கள். யார் எதை எடுத்தார் என்ற மனக்கசப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். மூன்று மாதம் போகட்டும். பிறகு மகள்களும் மருமகள்களும் ஒன்றாக உட்கார்ந்து, வயதில் இளையவர் முதலில் எடுக்கட்டும். மகன்களுக்கும் பேரன்களுக்கும் ஒன்று கொடுங்கள். அவர்களும் கேட்கத் தயங்குவார்கள்.

திருபுவனம் பட்டோ, கல்யாணக் கூறைப்புடவையோ வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஓதத்தை அடைத்து வைக்கும், ஜரிகை கறுக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றாவிட்டால் மடித்த இடத்திலேயே பட்டு வெடிக்கும். பூச்சிக்கு வசம்புத் துண்டும் வெட்டிவேரும் போதும். பழைய நூல்புடவைகளை வீசிவிடாதீர்கள். அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குத் தூளி கட்ட அதைவிட மெத்தென்ற துணி கிடைக்காது. தூளிக்கு முன் துணியை வெளிச்சத்தில் பிடித்து இற்றுப்போன இடம் இருக்கிறதா எனப் பாருங்கள், இருந்தால் இரண்டு புடவையாகச் சேர்த்துக் கட்டுங்கள்.

ஈயச்சொம்பை எடுத்துச் செல்பவருக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள்: வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ரசம் உள்ளே இருக்கும்போது மட்டும், சிறு தீயில். காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால் கண்முன்னே ஒழுகிவிடும். பல வருடம் பரணில் கிடந்த கல்சட்டியில் வடிகஞ்சி ஊற்றி நாலைந்து நாள் வைத்துப் பழக்கிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும்.

கைமாறிய பட்டியல்

புத்தகத்தில் அவசியம் இருக்க வேண்டியது இந்தப் பக்கம். நான்கு பத்தி கொண்ட அட்டவணை போடுங்கள்: அம்மாவுக்குத் தெரிந்த வேலை அல்லது வழக்கம், அவர் யாரிடம் கற்றார், இப்போது யாருக்குத் தெரியும், அடுத்து யார் கற்க வேண்டும். வடகம், பிரசவ மருந்து, சிக்குக் கோலம், மாடு நோய்ப்பட்டால் பார்ப்பது, விதைநெல் பத்திரப்படுத்துவது, வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பாதது, சண்டை போட்ட உறவுக்குத் தானே முதலில் பத்திரிகை வைப்பது என்று எதுவும் வரலாம். மூன்றாம் பத்தி காலியாக இருக்கும் வரிகளுக்குத்தான் முதலில் ஆள் தேட வேண்டும். அது மகனாக இருந்தாலும் சரி.

திதி

இறந்த நேரத்தை வைத்து மாதம், பட்சம், திதி, நட்சத்திரம் நான்கையும் பஞ்சாங்கத்தில் பார்த்து அன்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேதி ஒவ்வொரு ஆண்டும் மாறும் என்பதால் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும். ஆடி, தை அமாவாசைகளில் பூம்புகாரிலும் வேதாரண்யத்திலும் திருவையாற்றுப் படித்துறையிலும் கூட்டம் மிகுதி, விடிவதற்குள் போய்ச் சேருங்கள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும் வீடுகளும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கூடும் வீடுகளும் அந்த நாட்களையே புத்தகத்துக்கான கெடுவாக வைத்துக்கொள்ளலாம்.

அச்சுக்குக் கொடுப்பது

டெமி அளவில் 64 பக்கம் போதும், நடுவில் பின் அடித்தாலே நிற்கும். 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், படங்களுக்கு மட்டும் நடுவே ஆர்ட் தாள். நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு கட்டுப்படியாகும். யூனிகோடில் அடித்ததை அச்சகம் வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘ஸ்ரீ’, ‘ஷ’, ‘கொ’, ‘கௌ’ சிதறும். மெய்ப்பில் அவற்றைத் தனியே தேடுங்கள். இரண்டு பேர் மெய்ப்புப் பார்க்க வேண்டும், ஒருவர் உறவுமுறைகளை நன்கு அறிந்த பெரியவராக இருக்கட்டும். ஒருவர் பெயர் விட்டுப்போனால் புத்தகம் வந்த அன்றே மனக்கசப்பு வரும். திவசத்துக்கு 45 நாள் முன்பு கோப்பைக் கொடுத்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் அச்சகங்கள் காலண்டர் வேலையில் இருக்கும், தையில் கல்யாணப் பத்திரிகை நெருக்கும். அந்த மாதங்களில் இன்னும் பதினைந்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைசி எட்டுப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். புத்தகத்தைப் படித்தவர்கள்தான் “இதை விட்டுட்டீங்களே” என்று சொல்வார்கள். திவசத்தன்று ஒரு பேனாவோடு ஒரு பிரதியைக் கூடத்தில் வைத்தால் அன்று மாலைக்குள் ஐந்தாறு பக்கம் நிரம்பிவிடும். ஒலி, படக் கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள்: ஒரு வன்தட்டு ஊரில், ஒன்று வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம், ஒரு பிரதி இணையச் சேமிப்பில். வன்தட்டுகளை ஆண்டுக்கு ஒரு முறை, திதிக்கு முந்தைய வாரம், திறந்து ஓட்டிப் பாருங்கள்.